பணமும் மனமும்

(கோலியனூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்திற் செய்யப்பெற்ற சொற்பொழிவு)



பணத்தைக் குறித்துக் கிறிஸ்தவ மதம் யாது கூறுகின்றது, கொடையை அஃது எதைக்கொண்டு அளக்கின்றது, அந்நெறி நம் நாட்டில் எங்ஙனம் நடந்து வந்திருக்கின்றது என்பவற்றைச் சுருங்கச் சொல்லும்படி காரியதரிசியவர்கள் என்னைப் பணித்திருக்கின்றார்கள். இவ்வவையில் கோயிலுக்குச் செல்வோரும் இருக்கின்றீர்கள்; தேவாலயத்துக்குச் செல்வோரும் இருக்கின்றீர்கள். அண்ணன் ஒன்றுக்கும் தம்பி மற்றொன்றுக்கும் செல்லும் குடும்பங்களும் நம்முள் உண்டு. ஆதலின் யான் மதப் பிரசங்கம் செய்ய வந்தேனல்லேன். நமது சங்கம் கல்வி நிதிக்குப் பொருள் திரட்டத் தொடங்கியிருக்கும் இத்தருணத்தில், கொடுப்போரும் வாங்குவோரும் செலவிடுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்க சிலவற்றை உங்கள் முன் வைக்கவே வந்தேன்.

கொடை இம்மண்ணுக்குப் புதிதன்று. தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஓய்மானாட்டை ஆண்டவன். அவனுக்குரிய கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தோடு சேர்ந்து கிடக்கின்றது. இவ்விருவருக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்கின்ற நமக்குக் கொடையின் பெருமையை யாரும் வெளியிலிருந்து வந்து போதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று நோக்குக. காரியிடம் சென்ற கபிலர் அவனுடைய ஈகையைப் புகழ்ந்ததோடு நில்லாது, கொடுத்துவிடுதல் எளிது, வருவோர் தகுதியை உள்ளவாறு உணர்தலே அரிது என்னும் கருத்துப்படப் புறநானூற்றில் அவனுக்கு அறிவுறுத்தினார். கொடுக்கும் கையைக் காட்டிலும் நோக்கும் கண் பெரிது என்பது அப்புலவர் கருத்து. கிறிஸ்தவ நெறியும் கையைவிட்டு உள்ளத்தையே முதலில் வினவுகின்றது. ஆதலின் இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று.

பொருளும் பொருட்பற்றும்

கிறிஸ்தவ மதம் பணத்தைப் பாவமென்று கூறுவதாகச் சிலர் எண்ணுகின்றனர். இஃது பிழை. பவுல் அப்போஸ்தலர் தம் மாணாக்கராகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் எல்லாத் தீமைக்கும் வேரென்று கடிந்தது பணத்தின்மீது கொண்ட ஆசையை, பணத்தையன்று. பணமில்லாதானிடத்தும் அவ்வாசை இருக்கலாம். பணமுள்ளானிடத்தும் அஃது இல்லாதிருக்கலாம்.

சுவிசேஷத்தில் இரண்டு செல்வர்களின் வரலாறு உண்டு. ஒருவன் நல்லொழுக்கமுடைய இளைஞன். கற்பனைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டவன். இயேசுநாதர் அவனை நோக்கி, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றும்படி கூறினார். அவன் துக்கமடைந்து போய்விட்டான். மற்றவன் சகேயு என்னும் வரி தண்டுவோன். ஊரார் வெறுத்த மனிதன். அவன் வீட்டுக்கு அவர் விருந்தினராகச் சென்றபோது, ஒன்றும் கொடுக்கும்படி அவனை அவர் கேட்டதாக வரலாற்றில் இல்லை. அவனே எழுந்து நின்று, தன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியது உண்டாயின் நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னான். முன்னவனிடம் முழுவதும் கேட்கப்பட்டது. பின்னவன் பாதி கொடுத்ததே போதுமாயிற்று. ஏன்? அளவு காரணமன்று, முன்னவனைப் பணம் ஆண்டது, பின்னவன் பணத்தை ஆளத் தொடங்கிவிட்டான்.

சகேயுவின் சொல்லில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உளது. அவன் இரண்டு கணக்கு வைத்தான். ஏழைக்குக் கொடுப்பது ஒரு கணக்கு. பிறரிடம் முறைகேடாய் வாங்கியதைத் திருப்புவது மற்றொரு கணக்கு. இவ்விரண்டையும் அவன் ஒன்றாகக் குழப்பவில்லை. பங்காளியின் விதவைக்குச் சேரவேண்டிய நிலத்தை அனுபவித்துக்கொண்டு அன்னதானம் செய்பவனும், மருமகளின் நகையை அடகு வைத்துவிட்டுத் தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுப்பவனும் முதற் கணக்கை எழுதி இரண்டாங் கணக்கை மறைக்கின்றனர். திருப்பவேண்டியதைத் திருப்பிய பின்னர்த்தான் கொடை தொடங்குகின்றது.

இரண்டு காசு

எருசலேம் தேவாலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசுநாதர் அமர்ந்து, ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வர் பலர் மிகுதியாய்ப் போட்டனர். ஓர் ஏழை விதவை வந்து இரண்டு சிறு காசுகளைப் போட்டாள். எல்லோரினும் இவளே அதிகம் போட்டாள் என்று அவர் சீஷர்களுக்குக் காட்டினார். ஏனையோர் மிஞ்சியதிலிருந்து கொடுத்தனர். அவள் பிழைப்புக்கு வைத்திருந்ததையே கொடுத்தாள். கொடுத்தது எவ்வளவு என்று உலகம் கேட்கும். கொடுத்தபின் கையில் நின்றது எவ்வளவு என்று அவர் கேட்டார். கிறிஸ்தவர் கொடையை அளக்கும் கோல் இதுவே.

இக்கதையை நன்கொடை வசூலிப்போர் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. ஆனால் இதற்கு முன்னும் பின்னும் உள்ளதை அவர்கள் படித்துக் காட்டுவதில்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இதற்குச் சற்று முன்னர், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசுநாதர் கண்டிக்கின்றார். இதற்கு அடுத்தாற்போல, ஆலயத்தின் பெருங்கற்களை வியந்த சீஷரிடம், அக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்றிராது இடிக்கப்படும் என்கின்றார். இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால், கொடுத்த விதவைக்குப் புகழ்ச்சியும், அவளிடம் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டு அவளைப் பாராமுகமாய் விட்ட நிறுவனத்துக்குக் கண்டனமும் ஒருங்கே விளங்கும். ஏழையின் காசைக்கொண்டு கட்டடம் எழுப்பும் எந்தச் சபையும், எந்தச் சங்கமும், அவ்வேழை அன்றிரவு உண்டாளா என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கின்றது.

நிற்க. கட்டாயமும் பாசாங்கும் கொடையைக் கெடுப்பன. ஆதிச் சபையில் பர்னபா என்பவர் தம் நிலத்தை விற்று முழுத்தொகையையும் அப்போஸ்தலரிடம் கொடுத்தார். அதைக் கண்ட அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் தங்கள் காணியை விற்று, ஒரு பங்கை மறைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டனர். பேதுரு அவனைக் கடிந்தபோது, நிலம் அவனுடையதாகவே இருந்தது, விற்ற பணமும் அவன் வசத்திலேயே இருந்தது என்பதை நினைப்பூட்டினார். குறைவாகக் கொடுத்தது குற்றமன்று. கொடாததைக் கொடுத்ததாகப் பெயர் வாங்க விரும்பியதே குற்றம். கையிற் குறைந்தவனைக் கூட்டத்தில் நிறுத்தி வெட்கப்படுத்தித் தொகை எழுதச் செய்வோர், அவனை அனனியாவின் வழியிற் போகத் தூண்டுகின்றனர்.

பெயர் எழுதுதல்

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்க வேண்டுமென்பதும், தெருவில் எக்காளம் ஊதித் தருமம் செய்பவன் தன் பலனை அப்பொழுதே பெற்றுத் தீர்த்துவிட்டான் என்பதும் மலைப்பிரசங்கத்தின் கருத்து. நம் நாட்டு வழக்கமோ வேறாக வளர்ந்துவிட்டது. குழல்விளக்கு ஒன்றை உபயமாக அளித்தால், வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மீது உபயதாரர் பெயரை எழுதுகின்றோம். தேவாலயங்களும் இதற்கு விலக்கல்ல. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் கோழியையும் ஏலம் விடும்போது, கடைவிலையைப் போற் பலமடங்கு கூறி எடுப்பார் உண்டு. ஆண்டவருக்கென்று கூறுவோர் பலர். அடுத்த பெஞ்சுக்காரர் கேட்கும்படி கூறுவோர் சிலர். இரண்டையும் பிரித்தறிவது பிறர்க்கு அரிது. ஏலம் எடுத்தவருடைய மனம் மட்டும் அறியும்.

மொய் எழுதும் வழக்கத்தையும் இங்கே கருதுக. கலியாண வீட்டில் மொய் எழுதுவதை யான் குறை கூறேன். அஃது இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்னும் கைம்மாற்று. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வது நேர்மை. ஆனால் தருமத்தையும் மொய்யாக்கிவிடுதல் தகாது. தெய்வத்தோடும் மொய்க் கணக்கு வைப்பார் இக்காலத்திற் பெருகியிருக்கின்றனர். ஒன்று கொடுத்தால் ஆண்டவர் நூறாகத் திருப்புவார் என்று வாக்களித்துக் காணிக்கை கேட்கும் பிரசங்கிகளை நாம் காண்கின்றோம். பலன் கருதிக் கொடுப்பது வியாபாரம். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியபோது, மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசும் வணிகனல்லன் அவன் என்பதையே அவனுக்குரிய பெருமையாக எடுத்துரைத்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகியும் அச்சொல்லின் கூர் மழுங்கவில்லை.

நூறு மடங்கு பெறுவதற்காகக் கொடுப்பதற்கு நேர் எதிரான வழியைக் காட்டியவர் மெதடிஸ்டு சபையாரின் தந்தையாகிய ஜான் வெஸ்லி (1703–1791). இயன்ற அளவு ஈட்டுக, இயன்ற அளவு மிச்சப்படுத்துக, இயன்ற அளவு கொடுக்க என்பது அவர் பணத்தைக் குறித்துச் செய்த பிரசங்கத்தின் சாரம். அவர் தம் பிரசங்கம் ஒன்றிற் கூறும் கணக்கு வருமாறு: ஆக்ஸ்போர்டில் ஓர் இளைஞனுக்கு ஆண்டுக்கு 30 பவுன் வருமானம் வந்தது, 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைத் தருமத்துக்குக் கொடுத்தான். மறு ஆண்டு 60 பவுன் வந்தது. அப்பொழுதும் 28 பவுனிலேயே வாழ்ந்து 32 கொடுத்தான். மூன்றாம் ஆண்டு 90 வந்தபோது 62; நான்காம் ஆண்டு 120 வந்தபோது 92. அவ்விளைஞர் வெஸ்லியே என்பது அவர் வரலாறு எழுதியோர் துணிபு. வருமானம் உயருந்தோறும் வீட்டையும் வாகனத்தையும் விருந்தையும் உயர்த்துகின்ற நமக்கு, கொடையை மட்டும் உயர்த்திய ஒருவருடைய கணக்குப் புத்தகம் படிக்கத்தக்கது.

தாது வருஷத்து வள்ளல்

நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவருள் கொடைக்குச் சான்றாக முதலில் நினைக்கத்தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றியவர். நீதிமன்றத்தில் அமர்ந்து லஞ்சத்தை வெறுத்து வாழ்ந்த அவர் கைப்பொருள் நேர்வழியில் வந்த பொருள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, உத்தியோகத்தினின்று விலகியிருந்த அவர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பசித்தோரைக் காத்தார். வந்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று அங்கே கேட்கப்படவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு உருகி அவர்மீது கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவர் ஒருவரைப் பாடினார்! பசித்தவன் முன் வைத்த கஞ்சி, மதங்களுக்கு இடையேயிருந்த வரப்பைத் தானே கரைத்துவிட்டது. நம் பக்கத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் தாய்மார்களும் இந்நெறியையே அறிவர். கூழ்ப்பானையின்மீது எவரும் பெயர் எழுதுவதில்லை.

திண்டிவனத்து இரவு

இனி, நமக்கு மிக அணித்தாகிய திண்டிவனத்துக்கு வருவோம். அங்கே ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கட்டர் என்னும் அமெரிக்கர் ஊழியம் செய்துவந்தார். அவருடைய தந்தையார், முதல் அமெரிக்க மருத்துவ மிஷனரியாக 1819-இல் இலங்கைக்கு வந்தவர். டாக்டர் ஜானின் மகள் ஐடா 1870-இல் ராணிப்பேட்டையிற் பிறந்து, அமெரிக்காவிற் படித்து, தாயார் நோயுற்றதனால் 1890-இல் திண்டிவனத்துக்குத் திரும்பினார். சிறிது காலம் தாயாருக்குத் துணையாயிருந்துவிட்டு மீண்டும் அமெரிக்கா சென்று சுகமாக வாழ்வதே அவருடைய எண்ணம். மிஷனரியாக அவர் விரும்பவில்லை.

அக்காலத்தில் ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் அவர் வீட்டுக்கு வந்தனர். ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம், மூன்றாமவர் உயர்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியரைப் பார்ப்பது தங்கள் வழக்கத்துக்கு ஒவ்வாதென்று மூவரும் மறுத்துச் சென்றனர். மருத்துவம் கல்லாத அம்மங்கை என் செய்வாள்? பொழுது விடிந்தபின், மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது. அன்று அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1899-இற் பட்டம் பெற்றார்.

அம்மூன்று வீடுகளிலும் பணம் இல்லாமையாலா உயிர் போயிற்று? அன்று, மருத்துவர் இல்லாமையாலும் அன்று. சாதியும் வழக்கமும் எழுப்பிய சுவரே இடையில் நின்றது. பணத்தால் கடக்கமுடியாத சுவர்களும் உலகில் உண்டு என்பதற்கு நம் திண்டிவனமே சாட்சி.

இனிப் பணம் வந்த விதத்தைக் கேளுங்கள். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் வேண்டியிருந்தது. ஐடா அம்மையார் நியூயார்க்கில் ஒரு மாதினிடம் சென்று அதன் தேவையை விளக்கிக்கொண்டிருந்தார். அதே வீட்டில் வாழ்ந்த ராபர்ட் ஷெல் என்னும் முதிய பாங்கிக்காரர் அடுத்த அறையிலிருந்து அப்பேச்சைச் செவியுற்றார் என்றும், மறுநாள் அம்மையாரை அழைத்து வினவி, இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்பணத்தால் எழுந்த 40 படுக்கைகளையுடைய மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. 1909-இல் செவிலியர் பயிற்சிப்பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அதிலிருந்து கிளைத்தன. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இவ்வாறு வளர்ந்ததே. 1947 முதல் ஆடவரும் அங்கே மாணவராகச் சேர்க்கப்பட்டனர். ஐடா அம்மையார் 1960-இற் கோடைக்கானலில் காலமானார்.

இதில் யாருடைய கொடை பெரிது? முதியவர் கொடுத்த 10,000 டாலர் பெரிதே. அவர் தாம் காணாத நாட்டில், தாம் அறியாத பெண்களுக்காகக் கொடுத்தார். தம் சாதியையும் தம் ஊரையும் எண்ணவில்லை. ஆயினும் அப்பணத்துக்கு முன்னே ஒரு மங்கை தன் வாழ்நாளைக் கொடுத்திருந்தாள். மக்கெதோனியா நாட்டுச் சபையார் வறுமையிலும் தாராளமாய்க் கொடுத்ததைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அவர்கள் முதலாவது தங்களையே கொடுத்தார்கள் என்பதைத்தான் சிறப்பித்தார். அம்மங்கை தன்னைக் கொடாதிருந்தால், முதியவருடைய பணம் எங்கேயோ ஒரு பேழையில் உறங்கியிருக்கும்.

பிடி அரிசி

பெருஞ்செல்வர் கொடுத்ததைக் கேட்டோம். கூலிக்காரர் வீட்டுக் கொடை ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவப் பெண்கள் அதை நன்கு வளர்த்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திற் சேர்ப்பார்கள். வீட்டில் அரிசி குறைவாயிருக்கும் நாளிலும் சிறு பிடி ஒன்று தனியே போகும். வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கவாறு சேர்த்து வைக்கவேண்டுமென்று பவுல் கூறியதை அத்தாய்மார்கள் அடுப்படியில் நிறைவேற்றினார்கள். பிற்காலத்தில் காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் பிடி அரிசித் திட்டத்தை இந்துக்களிடையே வற்புறுத்தினார். ஆதலின் இக்கலயத்துக்கு மதம் இல்லை.

1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்தியர் பணத்தாலும் இந்தியர் உழைப்பாலும் இந்தியர் நிர்வாகத்தாலும் நடக்கும் மிஷனரி சங்கமொன்றைப் பாளையங்கோட்டையில் நிறுவினார்கள். வெளிநாட்டாரிடம் பெற்றுக்கொண்டே இருந்த சபை, கொடுக்கும் சபையாயிற்று. அதை நிறுவியவருள் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் 1874-இற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-இல் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமற்ற ஏழை உழைப்பாளிகள். அவர்களை நோக்கி, நீங்கள் ஏழைகள், வாங்கிக்கொண்டால் போதும் என்று அவர் சொல்லவில்லை, கொடுக்கக் கற்பித்தார். கிறிஸ்தவக் கொடையைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். கொடுப்பவன் தலைநிமிர்கின்றான், என்றும் வாங்குபவனாகவே வைக்கப்பட்டவன் குனிந்தே பழகுகின்றான். ஏழைக்குக் கொடுக்கும் உரிமையை மறுப்பதும் அவனை அவமதிப்பதே என்பதை அசரியா அறிந்திருந்தார்.

அவர் 1910-இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில் பேசியது இன்றும் நினைக்கப்படுகின்றது. வந்திருந்த மேனாட்டாரை நோக்கி, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் உழைப்பில் ஒப்புவித்தீர்கள், அன்பையும் வேண்டுகின்றோம், நண்பர்களைத் தாருங்கள் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். பணம் கொடுத்துவிட்டு, வாங்கினவனோடு ஒரே மேசையில் உண்ண மனமில்லாதவன் கொடை எங்ஙனம் முழுமையுறும்? அவையிற் சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் அவர் கூறியது மெய்.

அம்மெய் மேனாட்டார்க்கு மட்டும் உரியதா? அன்பர்களே, நம்மை நோக்கியும் அக்கேள்வி நிற்கின்றது. நம் பக்கத்துத் தேவாலயங்கள் சிலவற்றிற் சாதிக்கொரு பக்கம் அமர்ந்ததும், கல்லறையிலும் சுவர் எழுப்பியதும் உண்டு. காணிக்கைப் பெட்டிக்குள் எல்லாச் சாதியார் காசும் ஒன்றாய்க் கலக்கின்றது. போட்டவர் கைகள் கலப்பதில்லை. கோயிலுண்டியலுக்கும் இதுவே பொருந்தும். காசுக்குத் தீட்டில்லையென்றால் மனிதனுக்கு எங்ஙனம் வந்தது?

நம் சங்கம் செய்யத்தக்கவை

இவ்வளவும் கூறியது, நம் கல்வி நிதியை நினைத்தே. மூன்று விண்ணப்பங்களை அவை முன் வைக்கின்றேன்.

முதலாவது, நன்கொடையாளர் பெயரைத் தொகையோடு ஒலிபெருக்கியில் வாசிப்பதை விட்டுவிடுவோம். பெயர் வேண்டுமாயின் தொகையின்றி அகரவரிசையில் அச்சிடலாம். அப்பொழுது நூறு ரூபாய் கொடுத்த கூலிக்காரரும் லட்சம் கொடுத்த வியாபாரியும் ஒரே வரிசையில் நிற்பர். பெருந்தொகை குறைந்துவிடுமோ என்று அஞ்சுவார் உண்டு. ஓரளவு குறையலாம். ஆனால் கொடுக்க வெட்கி இதுவரை வாராதிருந்த நூறு வீட்டார் வருவார்கள்.

இரண்டாவது, கணக்கு. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய தொகையைப் பவுல் தாம் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் உடன் சேர்த்து அனுப்பினார். கடவுளுக்கு முன்பாக நேர்மையாயிருந்தால் மட்டும் போதாது, மனிதர் முன்பாகவும் ஐயத்துக்கு இடமின்றி இருக்கவேண்டும் என்பது அவர் கூறிய காரணம். அப்போஸ்தலருக்கே சாட்சி வேண்டியிருந்ததாயின் பொக்கிஷதாருக்கு வேண்டாவா? வரவும் செலவும் ஆண்டுதோறும் இப்பத்திரிகையில் அச்சாகட்டும். நம் மாணவர் எவரெவர் உதவி பெற்றனர் என்பதை மட்டும் பெயரிட்டு வெளியிட வேண்டா. வாங்கும் பிள்ளையின் மானமும் நம் பொறுப்பிலேயே உள்ளது.

மூன்றாவது விண்ணப்பம் சிலருக்கு உவப்பாக இராது. எனினும் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன். நம் குலத்துப் பிள்ளைகளுக்கு நாம் உதவுவது முறையே. தன் வீட்டாரைப் பேணாதவன் ஊரைப் பேணுவேன் என்பது பொய். ஆயினும் அந்நிதியிற் பத்தில் ஒரு பங்கு, நம்மவரல்லாத பிள்ளைகளுக்கென்று, குறிப்பாக நம் வயல்களில் உழைக்கும் குடும்பத்துப் பெண்குழந்தைகளுக்கென்று, தனியே ஒதுக்கப்படுதல் வேண்டும். பழைய ஏற்பாட்டில் தசமபாகம் என்னும் வழக்கம் உண்டு. புதிய ஏற்பாடு அவ்வெண்ணைக் கட்டளையாக்காது, அவனவன் மனத்தில் நியமித்தபடி உற்சாகமாய்க் கொடுக்க விட்டுவிடுகின்றது. நாமும் இதைக் கட்டளையாக அல்ல, மனமுவந்த நியமமாகக் கொள்வோம். தருமம் வீட்டில் தொடங்கலாம். வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுமாயின் அது குடும்பச் செலவு எனப்படுமேயன்றித் தருமம் எனப்படாது.

நியூயார்க்கிலிருந்த முதியவர் தம் இனத்தாருக்கு மட்டுமே என்று கையை மூடியிருந்தால், வேலூரில் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பார்கள்? அங்கே பிறந்த பிள்ளைகளுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டென்பதை இங்கேயுள்ள தாய்மார்கள் அறிவீர்கள். நம்மவரல்லாதார் கொடுத்ததால் பிழைத்த நாம், நம்மவரல்லாதார்க்குக் கொடுப்பதற்குத் தயங்குதல் முறையாகுமா?

தாய்மார்களே! உங்களுக்கு ஒரு சொல். ஆடவர் தீர்மானம் செய்து, திருத்தம் செய்து, மறு கூட்டத்துக்கு ஒத்திவைப்பார்கள். நீங்கள் காத்திருக்க வேண்டா. நாளைக் காலை உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். அதை எங்கே சேர்ப்பது என்பதைச் சங்கம் பின்னர் முடிவு செய்யட்டும். கலயம் நிறைந்துவிட்டால் சங்கத்தார் கண் திறவாமலிருக்க முடியாது.